குயின்ஸிலிருந்து மன்ஹாட்டனுக்குத் தினசரி சிகிச்சைப் பயணம்: மஞ்சள் டாக்ஸியா, ஆப் காரா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 வசந்த காலம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஜாக்சன் ஹைட்ஸில் மகள் வீட்டோடு வசிக்கும் 71 வயதுப் பெரியவர் ஒருவருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், ஆறு வாரம். சிகிச்சை மையம் மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கத்தில், யார்க் அவென்யூவில், 60 முதல் 69 வரை எண்ணிட்ட தெருக்களை ஒட்டி இருந்தது. வீட்டிலிருந்து குயின்ஸ்பரோ பாலம் வழியாக ஏறத்தாழ 5.5 மைல்.

மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் கார் இல்லை. பெரியவருக்கு ஆங்கிலம் ஓரளவு வரும், கைப்பேசியில் ஆப்பைத் தனியாகக் கையாள முடியும். ஆனால் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடம். கட்டணக் கணக்கில் இந்தப் படிக்கட்டும் பின்னால் ஒரு செலவாக வந்து சேர்ந்தது.

முதல் வாரம் முழுக்க சுரங்க ரயிலும் பேருந்துமாகவே போய்வந்தார்கள். கதிர்வீச்சில் சோர்வு உடனே தெரியாது, இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் கூடும். இவருக்கும் அப்படித்தான். இரண்டாம் வாரத்தின் நடுவில் ரயில் நிலையப் படிகளில் ஒரு முறை உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து காரில்தான் போவது என்று முடிவானது. காப்பீடு போக்குவரத்துச் செலவைத் தராது என்பதால் எல்லாமே கைக்காசு.

இரண்டு கட்டண முறைகள் எப்படி இயங்குகின்றன

மஞ்சள் டாக்ஸியின் கட்டணத்தை நகரின் டாக்ஸி, லிமோசின் ஆணையமான டி.எல்.சி. நிர்ணயிக்கிறது. நடப்பில் இருந்தது 2022 டிசம்பர் 19-இல் அமலான கட்டணம். ஏறியதும் 3 டாலர். அதன்பின் மணிக்கு 12 மைலுக்கு மேல் ஓடும்போது ஒவ்வொரு ஐந்தில் ஒரு பங்கு மைலுக்கும் 70 சென்ட். அதைவிட மெதுவாக ஊர்ந்தாலோ நின்றாலோ ஒவ்வொரு 60 வினாடிக்கும் 70 சென்ட். மணிக்கு 12 மைல் வேகத்தில் ஒரு நிமிடத்தில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு மைல் கடக்கலாம். அதனால் இரண்டு கணக்கும் அந்த வேகத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. அதற்குக் கீழே போனால் கடிகாரம்தான் கட்டணத்தை ஏற்றும்.

இதன்மேல் சேர்பவை: மாநிலப் போக்குவரத்து வரி 50 சென்ட், மேம்பாட்டுக் கட்டணம் 1 டாலர், மன்ஹாட்டனில் 96ஆம் தெருவுக்குத் தெற்கே தொட்டாலே நெரிசல் கட்டணம் 2.50 டாலர். வார நாட்களில் மாலை 4 முதல் 8 வரை இன்னொரு 2.50. இரவு 8 முதல் காலை 6 வரை 1 டாலர். டாக்ஸிக்கு விற்பனை வரி கிடையாது.

ஊபர், லிஃப்ட் போன்ற ஆப்களில் அழைக்கும் காரில் ஏறுமுன்பே ஒரு தொகை காட்டப்படும். தேவை, அந்த நேரத்தில் அருகில் உள்ள கார்கள், ஆப் கணிக்கும் நெரிசல் இவற்றைப் பொறுத்து அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அந்தத் தொகைக்குள் 8.875 விழுக்காடு விற்பனை வரி, ஓட்டுநர் காயமுற்றால் இழப்பீடு தரும் நிதிக்கான பங்கு, 2.75 டாலர் நெரிசல் கட்டணம் எல்லாம் அடங்கும். டிப்ஸ் அடங்காது. அடிப்படைத் தொகை 35 டாலர் என்றால் விற்பனை வரி மட்டுமே 3.11. டாக்ஸியோடு ஒப்பிடும்போது பலரும் பார்க்கத் தவறும் வரி இது.

2025 ஜனவரி 5 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. மன்ஹாட்டனில் 60ஆம் தெருவும் அதற்குத் தெற்கும் நெரிசல் மண்டலம். அதைத் தொடும் பயணத்துக்கு டாக்ஸியில் 75 சென்ட், பெரிய ஆப்களின் காரில் 1.50 டாலர். சிகிச்சை மையம் 60ஆம் தெருவுக்கு வடக்கே இருந்ததால் இந்தத் தொகை வராது என்றே நினைத்தார்கள். ஆனால் சில ரசீதுகளில் வந்தது, சிலவற்றில் வரவில்லை. மன்ஹாட்டனுக்கு வரும்போது, பாலத்தின் மேல்தட்டிலிருந்து 62ஆம் தெருப் பக்கம் இறங்கும் சரிவுப்பாதையில் வந்தால் மண்டலத்துக்குள் நுழையாமலே போய்விடலாம். கீழ்த்தட்டில் வந்து தெற்கே இறங்கினால் சில நூறு அடிகளுக்கு மண்டலத்துக்குள் இருக்க நேரும். அந்தச் சில நூறு அடிக்குத்தான் அந்தக் கட்டணம்.

முதலில் நடந்தது

காரில் போகத் தொடங்கிய முதல் சில நாட்கள் காலையும் மதியமும் ஆப்பில்தான். காலை 8:15க்கு வீட்டிலிருந்து கேட்டால் 38-லிருந்து 52 டாலர் வரை காட்டியது. மதியம் திரும்பும்போது 40-ஐ ஒட்டி. இரண்டு முறை ரசீதில் காட்டிய தொகையைவிடக் கூடுதலாக வந்திருந்தது. பார்த்தால், காத்திருப்புக் கட்டணம். கார் வாசலுக்கு வந்து இரண்டு நிமிடம் கழிந்ததும் மீட்டர் போல ஓடத் தொடங்கும் கட்டணம் அது. பெரியவர் மூன்று மாடி இறங்க ஆறு நிமிடம் ஆகும். கார் வரும் நேரத்தில் படியிறங்கத் தொடங்கினால் தினமும் இந்தத் தொகை உறுதி.

ஒரு நாள் திரும்பும் வழியில் மகள் மையத்தின் வாசலில் நின்ற மஞ்சள் டாக்ஸியில் அவரை ஏற்றி அனுப்பினார். இறங்கும்போது மீட்டரில் 27.50 காட்டியதாகப் பெரியவர் சொன்னார். "ஆப்பைவிடப் பதினாலு டாலர் கம்மிம்மா" என்றாராம். வீட்டில் அந்த எண்ணே நின்றுவிட்டது. டாக்ஸி மிகவும் மலிவு என்ற முடிவோடு மறுநாள் காலையில் தெருவில் நின்று டாக்ஸிக்குக் காத்திருந்தார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு காலி டாக்ஸிகூட வரவில்லை. சிகிச்சை நேரம் தவறியது. மையம் அன்று இடையில் நுழைத்துக்கொண்டது, ஆனால் பிற்பகல் வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டு பிழைகள் இங்கே ஒன்றாகச் சேர்ந்தன. டாக்ஸியின் மீட்டரில் கட்டணம் ஓரிடத்திலும் கூடுதல்கள் வேறிடத்திலும் காட்டப்படும். 27.50 என்பது வெறும் கட்டணம். ஆப் காட்டியதோ வரி, கூடுதல் எல்லாம் சேர்ந்த தொகை. ஒரு பக்கம் பாதிக் கணக்கு, மறுபக்கம் முழுக் கணக்கு. அடுத்து, மன்ஹாட்டனில் கையைத் தூக்கினால் கிடைக்கும் மஞ்சள் டாக்ஸி காலை எட்டு மணிக்கு ஜாக்சன் ஹைட்ஸ் தெருவில் கிடைப்பது அரிது. வெளிப் பகுதிகளில் தெருவில் ஏற்றிக்கொள்ள அனுமதி உள்ள பச்சை டாக்ஸிகளும் இப்போது அருகிவிட்டன.

கணக்குத் தாள்

இதற்குப் பிறகு மகள் ஒரு விரிதாள் போட்டார். அதில் இருந்த பத்திகள்: புறப்பட்ட நேரம், திசை, கேட்ட நொடியில் ஒவ்வொரு ஆப்பும் காட்டிய தொகை, கடைசியில் அட்டையில் கழிந்த தொகை, மீட்டர் கட்டணம், ஒவ்வொரு கூடுதலும் தனித்தனியாக, டிப்ஸ், கார் வரக் காத்திருந்த நிமிடம், பயண நிமிடம், எந்தப் பாலம் அல்லது சுரங்கம். ஆப்பில் கேட்டுவிட்டு ஏறாமல் விட்ட தொகைகளையும் திரைப்பிடியாக எடுத்து வைத்தார். ஒப்பிட இதுதான் முக்கியம். ஏறிய பயணத்தின் தொகையை மட்டும் எழுதினால், மலிவாக இருந்தபோதுதான் ஏறினோம் என்பது கணக்கில் மறைந்துவிடும்.

டி.எல்.சி. மாதந்தோறும் வெளியிடும் பயணப் பதிவுகளையும் அவர் பார்த்தார். மஞ்சள் டாக்ஸிக்கு ஒரு கோப்பு, பெரிய ஆப்களுக்கு ஒரு கோப்பு. ஆப் கோப்பில் அடிப்படைத் தொகை, சுங்கம், விற்பனை வரி, நெரிசல் கட்டணம், டிப்ஸ், ஓட்டுநருக்குச் சேர்ந்த தொகை எல்லாம் தனித்தனிப் பத்திகளாக இருக்கும். ஏறத்தாழ இரண்டு மாதம் பிந்தித்தான் வெளியாகும் என்பதால் இன்றைய விலையைச் சொல்லாது. ஆனால் அந்தந்த மணிக்கு அதே வழியில் பயணம் எத்தனை நிமிடம் எடுக்கும் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. மாலை நான்கை நெருங்கும்போது நிமிடங்கள் கூடுவது அதில் தெளிவாகத் தெரிந்தது.

ஒரே பயணம், இரண்டு கணக்கு

தாளிலிருந்து ஒரு மதியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நேரம் 1:10, யார்க் அவென்யூ வாசலிலிருந்து வீடு.

மீட்டரில் 70 சென்ட் ஏறும் ஒவ்வொரு முறையையும் ஓர் அலகு என்று கொண்டால், டாக்ஸியில் 35 அலகு ஓடியது. 35 × 0.70 = 24.50. ஏறும் கட்டணம் 3 சேர்த்து 27.50. வரி 0.50, மேம்பாடு 1, நெரிசல் 2.50 சேர்த்தால் 31.50. மீட்டர் கட்டணத்தில் 20 விழுக்காடு டிப்ஸ் 5.50. ஆக மொத்தம் 37.00.

அதே நிமிடம் ஆப்பில் கேட்டது 41.80. பத்து விழுக்காட்டை ஒட்டிய டிப்ஸ் 4.20 வைத்தால் 46.00.

வித்தியாசம் 9 டாலர். டாக்ஸியில் இவர்கள் டிப்ஸ் தாராளமாகவே தந்திருக்கிறார்கள், அப்படியும் இவ்வளவு. பெரியவர் முதலில் சொன்ன பதினாலு இல்லை என்றாலும், வாரத்தில் ஐந்து நாள் என்று பார்த்தால் சிறிய தொகை அல்ல. டாக்ஸியின் பின்னிருக்கைத் திரை 20, 25, 30 விழுக்காடு என்று மூன்று பொத்தான்களைப் பெரிதாகக் காட்டும். நடுப் பொத்தானைப் பழக்கத்தில் தட்டினால் இந்த வித்தியாசத்தில் கொஞ்சம் கரைந்துவிடும். வேறு தொகை போடும் வசதி அதே திரையில் உண்டு.

இப்போது மழை பெய்த ஒரு காலை. ஆப் 44.60 என்று காட்டியது, ஏறினார்கள். பாலத்தின் நுழைவில் விபத்து. கார் ஒன்றரை மைல்தான் ஓடியது என்று சொல்ல வேண்டும், மீதி தூரம் முழுக்க ஏறத்தாழ 55 நிமிடம் ஊர்ந்தது. அட்டையில் கழிந்தது அதே 44.60. அதே பயணம் மீட்டரில் என்றால்: ஓடிய தூரத்துக்கு 8 அலகு, ஊர்ந்த நேரத்துக்கு 55 அலகு. 63 × 0.70 = 44.10. ஏறும் கட்டணம் 3, கூடுதல்கள் 4. டிப்ஸுக்கு முன்பே 51.10.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒப்பீடு தெளிந்தது. மீட்டரில் நெரிசலின் சுமை பயணியின் தலையில் விழுகிறது. முன்கூட்டிச் சொன்ன விலையில் அது பெரும்பாலும் பயணியின் தலையில் விழுவதில்லை, ஆனால் அந்தக் காப்பைத் தினமும் விலை கொடுத்துத்தான் வாங்குகிறோம். சாலை சீராக ஓடும் நேரத்தில் அந்தக் காப்பு வீண் செலவு. சாலை எப்போது அடைக்கும் என்று சொல்ல முடியாத நேரத்தில் அதற்கு மதிப்பு உண்டு. எது மலிவு என்ற கேள்விக்கு நாள் முழுவதற்கும் பொருந்தும் ஒற்றை விடை கிடையாது. திசைக்கும் மணிக்கும் தகுந்தாற்போல்தான் விடை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

*காலைப் பயணம்.* டாக்ஸி கிடைக்காது, ஆப் விலை தினமும் ஆடும், நேரம் தவறக்கூடாது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, மகள் தெருமுனையில் இருந்த உள்ளூர் கார் சேவையிடம் பேசினார். குயின்ஸில் இப்படித் தொலைபேசியில் அழைக்கும் சேவைகள் இன்னும் பல இருக்கின்றன. தினமும் ஒரே நேரம், ஒரே வழி என்பதால் 38 டாலர் நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டார்கள். பேசும்போது மூன்று கேள்வி கேட்கப்பட்டது: வரியும் நெரிசல் கட்டணமும் இதற்குள் அடக்கமா, சுங்கச் சாலையில் போனால் யார் தருவது, வர இயலாத நாளில் முந்தின இரவே சொல்வீர்களா. மூன்றுக்கும் பதிலைக் குறுஞ்செய்தியில் வாங்கிக்கொண்டார். வண்டியின் எண் பலகை T-யில் தொடங்கி C-யில் முடிகிறதா என்று பார்க்கப்பட்டது. டி.எல்.சி. உரிமம் பெற்ற வாடகைக் காருக்கு அப்படித்தான் இருக்கும். அந்த உரிமம் இல்லாத காரில் விபத்து நேர்ந்தால் பயணிக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. மலிவாகச் சொன்னார்கள் என்பதற்காக அதில் ஏறக்கூடாது.

ஆப்பில் முன்பதிவு செய்யும் வழியையும் பார்த்தார்கள். உறுதி கிடைத்தது, ஆனால் கேட்டவுடன் வரும் காரைவிடச் சில டாலர் கூடுதலாகவே இருந்தது. அதனால் அது கார் சேவை வர இயலாத நாளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது.

*மதியப் பயணம்.* மையத்தின் வாசலிலேயே மஞ்சள் டாக்ஸி. மருத்துவமனைகள் வரிசையாக உள்ள பகுதி என்பதால் நோயாளிகளை இறக்கிவிடும் டாக்ஸிகள் அங்கேயே காலியாகின்றன. கூரை விளக்கில் எண் எரிந்தால் காலி, அணைந்திருந்தால் ஆள் இருக்கிறார் என்று பெரியவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திய பிறகுதான் இடத்தைச் சொல்ல வேண்டும். நகரின் ஐந்து பகுதிகளுக்குள் எங்கே போகச் சொன்னாலும் மறுக்க ஓட்டுநருக்கு உரிமை இல்லை. ஒரு முறை மட்டும் கண்ணாடியை இறக்கி "எங்கே?" என்று கேட்டுவிட்டு, குயின்ஸ் என்றதும் ஒருவர் போய்விட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் கூரையில் உள்ள எண்ணைக் குறித்து, நகரின் உதவித் தொலைபேசி எண்ணான 311-க்குச் சொல்லலாம்.

*வழியைச் சொல்வது.* டாக்ஸியில் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் உரிமை பயணிக்கு உண்டு. "குயின்ஸ்பரோ பாலம்" என்று ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிப் பெரியவரிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாலத்துக்குச் சுங்கம் இல்லை. குயின்ஸ் மிட்டவுன் சுரங்கம் வழியாகப் போனால் 2025-இல் ஏறத்தாழ 7 டாலர் சுங்கமும், நெரிசல் மண்டலக் கட்டணமும் சேர்ந்தன. ஒரு காலை ஆப் கார் வேகமான வழி என்று சுரங்கத்தையே தேர்ந்தெடுத்தது. அந்த ரசீதுதான் தாளிலேயே அதிகத் தொகை காட்டியது.

*ஆப்பை வைத்துக்கொண்டது.* பெரியவரின் கைப்பேசியில் இரண்டு ஆப்களும், மஞ்சள் டாக்ஸியையே அழைக்கும் ஓர் ஆப்பும் வைக்கப்பட்டன. 2022 மார்ச்சில் ஊபர் தன் ஆப்பிலேயே நியூயார்க் டாக்ஸிகளைக் காட்டப்போவதாக அறிவித்தது முதல் டாக்ஸிக்கும் ஆப் காருக்கும் இடையிலான கோடு கலங்கிக்கொண்டே வருகிறது. ஆப்பில் அழைத்து முன்விலைக்கு ஒப்புக்கொண்டால், வருவது மஞ்சள் டாக்ஸியே ஆனாலும் அந்த முன்விலைதான் செல்லும், மீட்டர் விலை இல்லை. வாசலில் டாக்ஸி நிற்கும்போது ஆப்பில் டாக்ஸியை அழைப்பதில் பொருள் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லி வைத்தார்கள். மதியப் பயணத்துக்கு உச்சவரம்பு 42 டாலர். அதற்கு மேல் காட்டினால் கைப்பேசியை வைத்துவிட்டு டாக்ஸிக்கு நிற்பது.

*குறி வைக்கும் இடம்.* ஆப்பில் மையத்தின் பெயரைத் தட்டினால் ஏற்றும் இடத்தின் குறி முதல் அவென்யூ பக்கம் போய் விழுந்தது. முதல் அவென்யூ வடக்கு நோக்கிய ஒருவழிப் பாதை. பாலமோ தெற்கே. கார் வடக்கே ஏறிச் சுற்றி, இரண்டாம் அவென்யூவில் இறங்கி வர வேண்டும். குறியைக் கையால் இழுத்து யார்க் அவென்யூ வாசலில் வைத்தபோது, அதே நிமிடத்தில் விலை இரண்டு டாலரை ஒட்டிக் குறைந்தது. பெரியவர் கட்டடத்தைச் சுற்றி நடக்க வேண்டிய தேவையும் தீர்ந்தது. இந்த இடத்தைச் சேமித்து வைத்ததோடு சரி, பிறகு தொடவே வேண்டியிருக்கவில்லை.

காத்திருப்புக் கட்டணத்துக்குத் தீர்வு எளிது. இறங்கி, தரைத்தளத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கார் கேட்பது.

நேரம் மாறிய நாட்கள்

நான்காம் வாரத்தில் மையத்தின் கருவி ஒன்று பழுதாக, பெரியவரின் நேரம் பிற்பகல் 3:15க்குத் தள்ளப்பட்டது. முடிந்து வெளியே வர 4 மணி கடந்துவிடும். கட்டண அட்டவணையில் 4 மணி என்பது ஒரு கோடு. 3:58க்கு ஏறினால் இல்லாத 2.50 டாலர், 4:02க்கு ஏறினால் உண்டு. அந்தத் தொகையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உண்மையான சிக்கல் இன்னொன்று. பகல் ஓட்டுநர் இரவு ஓட்டுநரிடம் வண்டியை ஒப்படைக்கும் நேரமும் அதை ஒட்டியே வருகிறது. காலி டாக்ஸி குறையும். இருப்பவர்களும் குயின்ஸில் உள்ள டாக்ஸி நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியாக இருந்தால்தான் ஆர்வம் காட்டுவார்கள்.

முதல் நாள் இருபது நிமிடம் நின்று கிடைத்த டாக்ஸியின் கணக்கு: பாலம் முழுக்க ஊர்ந்ததால் 44 அலகு, 30.80. ஏறும் கட்டணத்தோடு 33.80. நான்கு கூடுதல்களும் சேர்த்து 40.30. டிப்ஸ் 6.80. மொத்தம் 47.10. அதே நேரம் ஆப் 58 காட்டியது. டாக்ஸி அப்போதும் குறைவுதான், ஆனால் சிகிச்சை முடிந்து சோர்ந்த மனிதர் இருபது நிமிடம் நடைபாதையில் நின்றிருக்கிறார். இதை டாலரில் எழுத மகளுக்கு மனம் வரவில்லை. தாளில் காத்திருந்த நிமிடம் என்ற பத்தியை மட்டும் சிவப்பாக்கினார்.

இரண்டாம் நாளிலிருந்து விதி மாற்றப்பட்டது. மாலை 4 மணிக்குப் பின் என்றால் விலை பார்க்காமல், முதலில் வரும் காரில் ஏறுவது. கூடவே மையத்தின் நேர ஒதுக்கீட்டுப் பிரிவில், திரும்பும் போக்குவரத்தைக் காரணமாகச் சொல்லி நண்பகல் நேரம் கேட்கப்பட்டது. நான்கு சிகிச்சை நாட்கள் கழித்து 12:30 கிடைத்தது. நேரம் கேட்கும்போது காரணத்தைச் சொல்வது உதவுகிறது. பலர் கேட்பதே இல்லை.

விளைவு

இருபுறமும் ஆப் என்று இருந்தபோது ஒரு நாள் செலவு டிப்ஸோடு 95 டாலரை ஒட்டி இருந்தது. காலையில் கார் சேவை, மதியத்தில் டாக்ஸி என்று அமைந்த பிறகு 79 டாலரை ஒட்டி வந்தது: காலை 38-உம் டிப்ஸ் 4-உம், மதியம் 37. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 டாலர். நேரம் மாறிய நான்கு நாட்களில் இந்த மிச்சம் முழுவதும் போனது. கார் சேவை ஒரே ஒரு நாள் வரவில்லை, ஆனால் முந்தின இரவே சொல்லிவிட்டார்கள். அன்று முன்பதிவு ஆப் கைகொடுத்தது. காலை நேரம் அதன்பிறகு ஒரு நாளும் தவறவில்லை. குடும்பம் பணத்தைவிட இதையே பெரிதாக நினைத்தது, சரியாகவே நினைத்தது.

ஐந்தாம் வாரத்தில் இந்தியாவிலிருந்து வந்த மகன் ஜே.எப்.கே. விமான நிலையத்தில் இறங்கி, டாக்ஸி எங்கே போனாலும் 70 டாலர் நிலைக் கட்டணம் என்று நம்பி வரிசையில் நின்றார். அந்த நிலைக் கட்டணம் ஜே.எப்.கே.-க்கும் மன்ஹாட்டனுக்கும் இடையே மட்டும். ஜாக்சன் ஹைட்ஸுக்கு மீட்டர்தான் ஓடும், அது கணிசமாகக் குறைவாகவே வரும். யாராவது 70 கேட்டால் மீட்டரைப் போடச் சொல்ல வேண்டும்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

முதலாவதும் பெரியதும், ஆக்சஸ்-எ-ரைட். ரயிலில் ஏற இயலாதவர்களுக்காக, நியூயார்க்கின் பொதுப் போக்குவரத்து அமைப்பான எம்.டி.ஏ. நடத்தும் வாகன வசதி இது. கட்டணம் சுரங்க ரயிலுக்கு உள்ளதே. இந்தக் குடும்பம் மூன்றாம் வாரத்தில்தான் விண்ணப்பித்தது. முடிவு சொல்ல 21 நாள் வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆறு வார சிகிச்சையில் மூன்றாம் வாரம் விண்ணப்பித்தால் பலன் கிடைக்கும்போது சிகிச்சையே முடிந்துவிடும். சிகிச்சைத் தேதி தெரிந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். பலரைச் சேர்த்து ஏற்றும் வண்டி என்பதால் நேரம் தளர்வாக இருக்கும். காலைப் பயணத்துக்கு அதை முழுதும் நம்ப முடியாவிட்டாலும், அவசரமில்லாத திரும்புப் பயணத்துக்குப் போதும். திரும்புப் பயணச் செலவு 37 டாலரிலிருந்து சில டாலராகிவிடும். டாக்ஸிக்கும் ஆப்புக்கும் நடுவே எவ்வளவு கவனமாகக் கணக்கிட்டாலும் இந்த அளவு மிச்சம் வராது.

மையத்தின் சமூகப் பணியாளரையும் முதல் நாளே பார்த்திருக்கலாம். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன்னார்வலர்களைக் கொண்டு நோயாளிகளை இலவசமாக அழைத்துச் செல்லும் ஏற்பாடு வைத்திருக்கிறது. தன்னார்வலர் கிடைப்பதைப் பொறுத்தது, சில வேலை நாட்களுக்கு முன்பே கேட்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கிடைத்தாலும் லாபமே.

சிகிச்சை நேரத்தை ஒதுக்கும்போதே போக்குவரத்தையும் பேச வேண்டும். காலை 10 முதல் பிற்பகல் 2 வரை உள்ள நேரம் இரண்டு திசைக்கும் ஏற்றது: ஆப் விலை அதிகம் ஆடாது, டாக்ஸி கிடைக்கும், 4 மணிக் கோடு குறுக்கே வராது. காலை 8:45 நேரத்தை இவர்கள் யோசிக்காமல் ஒப்புக்கொண்டதற்கு வேலைக்குப் போகும் அவசரம்தான் காரணம்.

தாளை முதல் நாளிலிருந்தே வைத்திருந்தால், தெருவில் காத்திருந்து சிகிச்சை தவறிய அந்தக் காலை நேர்ந்திருக்காது. எல்லாப் பத்திகளும் வேண்டாம். நேரம், திசை, எல்லாம் சேர்த்துக் கழிந்த தொகை, காத்திருந்த நிமிடம் என்ற நான்கு போதும், ஒரு வாரத்தில் வடிவம் தெரிந்துவிடும். ரசீதுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கவும் வேண்டும். டாக்ஸி ரசீதில் வண்டியின் எண் இருக்கும். பெரியவர் ஒரு முறை மருந்துப் பையைப் பின்னிருக்கையில் விட்டுவிட்டு வந்தபோது, அந்த எண்ணை வைத்துத்தான் 311 வழியாக ஓட்டுநரைக் கண்டுபிடித்து, மறுநாள் மாலையே பை வீடு வந்து சேர்ந்தது.